எண்ணெய் என்ற சொல்லில் அடைபட்ட சுழிகள்: ஒரு லேபிளுக்கு நான் கொடுத்த விலை

கொடுமுடிக்குப் பக்கத்தில் எங்கள் குடும்பம் மரச்செக்கு வைத்து எண்ணெய் ஆட்டிக்கொடுக்கிறது. என் மாமனார் காலத்தில் மக்கள் தூக்குவாளியோடு வந்து வாங்கிச் சென்றார்கள் என்பதால் பெயர்ப்பலகையோ லேபிளோ எதுவும் தேவைப்படவில்லை. 2022ஆம் ஆண்டு ஆடி மாதத்தில்தான் எண்ணெயைப் பாட்டிலில் அடைத்து ஈரோடு, கரூர் கடைகளுக்குக் கொடுப்பது என்று முடிவெடுத்தோம். அந்தப் பொறுப்பு முழுவதும் என்னுடையது. உணவு உரிமம், பாட்டிலின் தரம், மூடியின் இறுக்கம், வண்டி வாடகை என ஒவ்வொன்றையும் நாலு பேரிடம் விசாரித்துச் செய்த நான், லேபிளில் வரும் எழுத்தைப் பற்றி மட்டும் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எழுத்தில் விசாரிக்க என்ன இருக்கிறது என்று எண்ணியிருந்தேன். அடுத்த பதின்மூன்று மாதங்களில் அந்த எழுத்தால் மட்டும் எனக்கு 1,09,100 ரூபாய் நட்டமாயிற்று. அப்போது இதைத் தமிழில் சொல்லித்தர எனக்கு யாரும் கிடைக்கவில்லை. சிறுதொழில் தொடங்கும் இன்னொருவர் என்னைப்போல் தனியாகத் திண்டாடக் கூடாது என்பதற்காகவே, நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

லேபிள் வடிவமைக்க ஈரோட்டில் ஒரு டிடிபி கடைக்குப் போனேன். அங்கே இருந்த பையன் பத்துப் பன்னிரண்டு தமிழ் எழுத்துருக்களைத் திரையில் ஓட்டிக் காட்டினான். அவற்றில் ஒன்று வந்ததும் என் கண் அதைவிட்டு நகரவில்லை. நன்றாகத் தடித்த, ஒரு முனைகூடக் கூராக இல்லாத, பிடித்துவைத்த கொழுக்கட்டையைப்போல் உருண்டு திரண்ட எழுத்து அது. புள்ளிகூடப் பெரிய பயறு அளவுக்கு முழுவட்டமாக இருந்தது. "இதுதானுங்க்கா இப்ப எல்லாரும் கேக்கறாங்க, எட்ட இருந்தே கண்ணுல படும்" என்றான். அவன் சொன்னது பொய்யில்லை. குழந்தைத் தின்பண்டம், ஐஸ்கிரீம் கடை, அரிசிப் பை என எங்கு பார்த்தாலும் இந்த வகை எழுத்துதான் இருக்கிறது. பார்ப்பவருக்கு அது ஒரு நட்பையும் கைவேலையின் கதகதப்பையும் கொடுக்கிறது. செக்கு எண்ணெய்க்கு இதைவிடப் பொருத்தமான எழுத்து இருக்க முடியாது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். அது போதாதென்று, இன்னும் கொஞ்சம் தடிமனாக வேண்டும் என்றும் நானே கேட்டேன். அவனும் எழுத்தைச் சுற்றி ஒரு கோடு சேர்த்துத் தடிமனாக்கிக் கொடுத்தான். வடிவமைப்புக்கு 3,500 ரூபாய். 6,000 லேபிள்கள், ஒன்றுக்கு 2 ரூபாய் 40 காசு வீதம் 14,400 ரூபாய்.

லேபிள் ரோல் வந்த நாளை என்னால் மறக்க முடியாது. திரையில் உள்ளங்கை அகலத்துக்குப் பார்த்த எழுத்து, 200 மில்லி பாட்டிலில் ஐந்து மில்லிமீட்டர் உயரத்துக்குச் சுருங்கியிருந்தது. "எண்ணெய்" இருந்த இடத்தில் எ என்று ஊகிக்கத்தக்க ஒன்றும், அதை அடுத்து நாலைந்து கறுப்பு உருண்டைகளும்தான் தெரிந்தன. வாங்குபவர்களுக்குப் பழகிவிடும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டு கடைகளுக்கு அனுப்பினேன். மூன்றாவது வாரத்தில் கரூர் கடைக்காரர் மூன்று பெட்டிகளைத் திருப்பி அனுப்பினார். மூன்று வகை எண்ணெய்க்கும் ஒரே நிறத்தில் லேபிள் போட்டிருந்தோம். எது நல்லெண்ணெய், எது கடலை எண்ணெய், எது தேங்காய் எண்ணெய் என்று வாடிக்கையாளர்களால் பிரித்தறிய முடியவில்லை. சனிக்கிழமை கோயிலில் விளக்குப் போட நல்லெண்ணெய் என்று நம்பி ஓர் ஆத்தா கடலை எண்ணெயை வாங்கிச் சென்றிருக்கிறார். அதைக் கேட்டபோது பணம் போனதைவிட அதிகமாக வலித்தது. எங்கள் செக்கில் கலப்படமே கிடையாது என்று சொல்லித்தான் நாங்கள் விற்கிறோம். அப்படியிருக்க, எங்கள் லேபிளே ஆளை ஏமாற்றிவிட்டது.

என்ன நேர்ந்தது என்பது எனக்குப் புரியவே சில மாதங்கள் ஆயின. ண என்பது மூன்று சுழி, ன என்பது இரண்டு சுழி என்றுதான் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்தோம். "எண்ணெய்" என்ற ஒரே சொல்லில் மூன்று சுழி ண இரண்டு முறை வருகிறது. அதோடு ஒற்றைக்கொம்பின் சுழியும் இரண்டு புள்ளிகளும் சேர்கின்றன. கோடு தடிக்கத் தடிக்கச் சுழிக்குள் இருக்கும் வெற்றிடம் சுருங்குகிறது. ஐந்து மில்லிமீட்டர் எழுத்தில் ஒரு சுழியின் உள்வெளி அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். நான் கேட்டதற்காக அந்தப் பையன் சேர்த்த கோட்டின் தடிமன், அச்சுக்காரர்கள் கணக்கில் ஒரு பாயிண்ட், அதாவது 0.35 மில்லிமீட்டர். அப்படிச் சேர்க்கும் கோட்டில் பாதி எழுத்துக்கு வெளியேயும் பாதி உள்ளேயும் போகும். சுழியின் இரு பக்கத்திலிருந்தும் பாதிப் பாதியாக உள்ளே வந்தால் உள்வெளியின் விட்டத்தில் 0.35 மில்லிமீட்டர் காணாமல் போகிறது. மிச்சமிருந்த கொஞ்ச இடத்தை, அச்சிடும்போது இயல்பாகவே சற்றுப் பரவும் மை மூடிவிட்டது. ஆகவே முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: கணினியில் கோடு சேர்த்தோ, "போல்ட்" பொத்தானை அழுத்தியோ ஓர் எழுத்தைத் தடிமனாக்காதீர்கள், ஆக்கவும் விடாதீர்கள். தடித்த எழுத்தை முறையாக வரைபவர்கள் எல்லா இடத்திலும் ஒரேயளவில் கோட்டைத் தடிக்கவிடுவதில்லை. சுழிகள் நெருங்கும் இடத்தில் கோட்டை மெலியவிட்டு, எழுத்தின் அகலத்தைக் கூட்டி, உள்வெளியைக் காப்பாற்றுவார்கள். பொத்தானுக்கு அந்தக் கணக்குத் தெரியாது.

ணகர னகரக் குழப்பத்தோடு இது நிற்கவில்லை. தமிழில் பல எழுத்துகளைப் பிரித்துக்காட்டுவது ஒரு சின்னஞ்சிறு சுழியோ வாலோதான் என்பதை இந்த நட்டத்துக்குப் பிறகுதான் நான் கவனித்தேன். ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் வேறுபாடு மேலே இருக்கும் ஒரு சுழி. அது அடைபட்டதால் எங்கள் "தேங்காய்" பலருக்குத் "தெங்காய்" ஆயிற்று. எகர ஏகாரத்தையும் ஒகர ஓகாரத்தையும் இன்று நாம் பிரித்து எழுதும் முறையை 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் ஏற்படுத்தினார் என்பதைப் படித்தபோது, அவர் கொடுத்த வேறுபாட்டை என் லேபிள் திரும்பப் பிடுங்கிக்கொண்டதே என்று மனம் கனத்தது. மேல்விலங்குக்கும் சுழித்த மேல்விலங்குக்கும் உள்ள வேறுபாடும் ஒரு சுழியே. மின், மீன் என்ற இரண்டு சொற்களை எழுதிப் பார்த்தால் தெரியும். ரகரத்தையும் துணைக்காலையும் பிரிப்பது ரகரத்தின் அடியில் இருக்கும் சிறிய சாய்கோடு மட்டுமே. உருண்டை எழுத்துருக்கள் சிலவற்றில் அந்தச் சாய்கோட்டை அழகுக்காகக் குறுக்கிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட எழுத்தில் "காரம்" என்று அடித்தால் கண் ஒரு கணம் தடுமாறும்.

தடித்த உருண்டை எழுத்து என்ற வகை ஆங்கிலத்துக்காக முதலில் செழித்தது என்பதை நினைவில் வைப்பது நல்லது. இந்த வகையில் உலகம் முழுவதும் அறிந்த கூப்பர் பிளாக் எழுத்தை ஆசுவால்ட் கூப்பர் என்பவர் சிகாகோவில் வரைந்தார். 1922இல் அது ஈய அச்சாக வெளிவந்தது. விளம்பரத்துக்கென்றே பிறந்த எழுத்து அது. முனைகள் மழுங்கியிருப்பதால் அச்சு சற்றுத் தேய்ந்தாலும், மை சற்றுப் பரவினாலும் உறுத்தாது என்பது இத்தகைய எழுத்துகளுக்குள்ள பெரிய அனுகூலம். ஆங்கில எழுத்தில் அடைபடக்கூடிய துளைகள் குறைவு. ஒரு எழுத்துக்கு அதிகம் போனால் இரண்டு, பலவற்றுக்கு ஒன்றுமே இல்லை. தமிழில் ண, ணை, ஞ, ஐ, ஜ, ஷ, ஊ என்று சுழியின் மேல் சுழியாக வருகிறது. ஆங்கிலத்துக்குப் பொருந்திய தடிமனை அப்படியே தமிழுக்குக் கொடுத்தால் தாங்காது. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவும் இல்லை. ஆங்கிலத்தில் ஒரு பெயரைப் பெரிய எழுத்துகளாலேயே எழுதி எடுத்துக்காட்ட முடியும், நமக்கு அந்த வழி கிடையாது. அளவு, நிறம், தடிமன் ஆகிய மூன்றை வைத்துத்தான் ஒரு சொல்லை முன்னே நிறுத்த முடியும் என்பதால் தடித்த எழுத்தின் தேவை தமிழில் உண்மையிலேயே இருக்கிறது. இந்த எழுத்தை ஒதுக்கச் சொல்வது என் நோக்கமில்லை. இன்றும் என் பாட்டிலில் அந்த வகை எழுத்துதான் இருக்கிறது.

முதல் லேபிளின் குறை எனக்குத் தெரிவதற்கு முன்பே கடைப் பெயர்ப்பலகைக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன். பன்னிரண்டு அடிக்கு மூன்றடி, ஏசிபி எனப்படும் அலுமினியம் பூசிய தகட்டின்மேல் எல்இடி எரியும் அக்ரிலிக் எழுத்துகள். மொத்தம் 42,000 ரூபாய், அதில் எழுத்துகளுக்கு மட்டும் 26,000. பகலில் பலகை அருமையாக இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. கரூர் சாலையில் வரும் பேருந்திலிருந்தே படிக்க முடிந்தது. விளக்குப் போட்டதும்தான் கோளாறு தெரிந்தது. எரியும் எழுத்தின் ஒளி தன் விளிம்பைத் தாண்டிக் கசியும். பகலில் திறந்திருந்த சுழிகள் இரவில் ஒளியால் அடைபட்டு, "மரச்செக்கு எண்ணெய்" என்பது மங்கலான வெள்ளை மேகங்களின் வரிசையாகிவிட்டது. விளக்கெரியும் பலகைக்குப் பகல் பலகையைவிட ஒரு படி மெலிந்த எழுத்தைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை, பிறகு வந்த பலகைக்காரர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார்.

பலகையில் எனக்கு நேர்ந்த இரண்டாவது தொல்லை புள்ளி. அந்த இரண்டு சொற்களில் நான்கு புள்ளிகள் இருக்கின்றன. நான்கும் எழுத்தோடு ஒட்டாமல் தனித்தனியாக நிற்பவை, ஆகவே ஒவ்வொன்றையும் தனித் துண்டாகச் செய்து, தனி விளக்கு வைத்து, தனியாகப் பொருத்த வேண்டும். தடித்த எழுத்துருவில் புள்ளியும் பெரியது. என் பலகையில் ஒவ்வொன்றும் நல்ல கமலா ஆரஞ்சு அளவு இருந்தது, ஆனால் தாங்கிப் பிடிக்க ஒரே ஒரு திருகுதான் போட்டிருந்தார்கள். ஐப்பசி மழையில் அடித்த காற்றில் இரண்டு புள்ளிகள் விழுந்துவிட்டன. "எணணெய" என்று படிக்கும்படி என் கடை பத்து நாட்கள் நின்றது. ஒவ்வொரு நாள் காலையிலும் கடையைத் திறக்கும்போது அதை அண்ணாந்து பார்க்கவே எனக்குக் கூசியது. பலகை செய்யக் கொடுப்பவர்கள் புள்ளிகளை எண்ணிச் சொல்லுங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் குறைந்தது இரண்டு பிடிமானம் கேளுங்கள். தகட்டை ரௌட்டர் என்ற, சுழலும் முனையால் வெட்டும் கருவியில் வெட்டுவதாக இருந்தால் அதன் வெட்டும் முனையின் விட்டத்தையும் கேளுங்கள். மூன்று மில்லிமீட்டர் முனை, மூன்று மில்லிமீட்டருக்குக் குறுகலான எந்த இடைவெளிக்குள்ளும் நுழையாது. உருண்டை எழுத்து ரௌட்டருக்கு மிகவும் ஏற்றது, ஏனென்றால் சுழலும் முனை உள்மூலையைக் கூராக வெட்ட முடியாது, உருட்டித்தான் வெட்டும். கூரான எழுத்தைக் கொடுத்தால் அதை வெட்டும் கருவி தன் போக்கில் மாற்றிவிடும். உருண்டை எழுத்து கொடுத்தபடியே வரும். ஆனால் அந்தப் பயன் சுழி போதிய அளவு திறந்திருந்தால் மட்டுமே.

அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 24. முதல் லேபிளை நம்பி விற்க முடியாது என்று தெரிந்ததும், அவசரமாக 2,000 லேபிள்களைக் கொஞ்சம் பெரிதாக வேறோர் அச்சகத்தில் அடிக்கக் கொடுத்தேன். பழைய கடையிலிருந்து கோப்பை வாங்கி அனுப்பினேன். அதில் எழுத்துகள் எழுத்தாகவே இருந்தன, கோட்டு வடிவமாக மாற்றப்படவில்லை. புதிய அச்சகத்தின் கணினியில் அந்த எழுத்துரு இல்லாததால் அதை ஏற்றி, நான் வாட்ஸ்அப்பில் அனுப்பிய வரியை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். கணினிகள் எழுத்தைச் சேமிக்கும் பொது முறையான ஒருங்குறியில் (யூனிகோடு) ஒற்றைக்கொம்பு மெய்க்குப் பிறகுதான் சேமிக்கப்படுகிறது. அதை எழுத்துக்கு முன்னால் கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் வேலை. படவேலைக்கான மென்பொருள்களில் இதற்கென்று இந்திய மொழிகளுக்கான ஓர் அமைப்பைத் தேர்வு செய்ய வேண்டியிருக்கும். அங்கே அதைத் தேர்வு செய்யவில்லை. விளைவாக ணகரத்துக்குப் பின்னால் கொம்பு தனியாக, புள்ளிகளால் ஆன ஒரு வட்டத்தைக் கட்டிக்கொண்டு நின்றது. சரிபார்க்கச் சொல்லி எனக்குக் கைப்பேசியில் படம் அனுப்பினார்கள். செக்கடியில் நின்றபடி விரலளவு படத்தைப் பார்த்து "சரி" என்று பதில் போட்டவள் நான்தான், ஆகவே அச்சகத்தைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. 5,200 ரூபாய் லேபிளை அப்படியே கட்டி வைத்துவிட்டு, அந்தத் தீபாவளிக்குப் பாட்டில்களின் மேல் கையால் எழுதி ஒட்டினோம். என் மகளும் நானும் இரண்டு இரவுகள் விழித்திருந்தோம்.

இதைத் தவிர்ப்பது எளிது. வடிவமைத்தவரிடமிருந்து எப்போதும் இரண்டு கோப்புகளை வாங்கிக்கொள்ளுங்கள்: ஒன்று, திருத்தத்தக்க மூலக் கோப்பு, மற்றொன்று, எல்லா எழுத்தையும் கோட்டு வடிவமாக மாற்றிய பிடிஎப். டிடிபி கடைகளில் "கர்வ் பண்ணிக் குடுங்க" என்றால் புரியும். அச்சுக்கு இரண்டாவதை மட்டும் அனுப்புங்கள். சரிபார்ப்பதைக் கைப்பேசியில் ஒருபோதும் செய்யாதீர்கள். உண்மை அளவில் தாளில் அச்சிட்டு, வெட்டி, பாட்டிலில் ஒட்டி, கடையில் எந்த உயரத்தில் வைப்பார்களோ அந்த உயரத்தில் வைத்து, ஆறடி தள்ளி நின்று படியுங்கள். பிறகு அந்தத் தாளை ஒரு முறை ஒளிநகல் எடுத்து, அந்த நகலையே மறுபடியும் நகல் எடுங்கள். மை பரவினால் எழுத்து என்ன ஆகும் என்பதை அந்த இரண்டாவது நகல் ஓரளவுக்குக் காட்டிவிடும், செலவு நாலு ரூபாய். கடைசியாக, அறுபது வயது கடந்த ஒருவரிடம் கண்ணாடி இல்லாமல் படிக்கக் கொடுங்கள். என் மாமனாரிடம் முதல் லேபிளை அச்சுக்கு முன்பு காட்டியிருந்தால் பாதி நட்டம் அன்றே நின்றிருக்கும். படித்தவள் நானே முடிவு செய்யலாம் என்ற எண்ணத்தில் அவரைக் கேட்காமல் விட்டேன், அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

இதற்கெல்லாம் பிறகும் அந்த எழுத்தை நான் விடவில்லை. சேர்த்த கோட்டை நீக்கி, அளவைக் கூட்டி, வகைக்கு ஒரு நிறம் வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தேன். 2023 தைப் பொங்கலுக்குத் துணிப்பைகள் 1,000 எண்ணம், பை 14 ரூபாய் வீதம், அதே எழுத்தில் அடித்தேன். அந்த ஆனி மாதத்தில் எங்கள் மின்னஞ்சலுக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. நாங்கள் பயன்படுத்தும் எழுத்துரு தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும் இலவசமாகத் தரப்பட்டது, வணிகத்துக்குப் பயன்படுத்தியதற்கு உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும் என்று அதில் இருந்தது. ஏமாற்றுக் கடிதம் என்று எண்ணி மூன்று வாரங்கள் பேசாமல் இருந்தேன். இரண்டாவது கடிதத்தில் எங்கள் பாட்டில், பலகை, பை ஆகியவற்றின் படங்களே இருந்தன. அவற்றை எங்கள் விளம்பரத்துக்காக நானே இணையத்தில் போட்டிருந்தேன். அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. டிடிபி கடையில் கேட்டபோது, யாரோ பென்டிரைவில் கொடுத்த எழுத்துருத் தொகுப்பில் இருந்தது, அதன் உரிமம் என்னவென்று தனக்குத் தெரியாது என்றான் அந்தப் பையன். வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்து, பேசி, குறைத்து, அவருடைய கட்டணத்தோடு சேர்த்து 46,000 ரூபாயில் முடித்தோம். அந்தத் தொகை நடந்துபோனதற்கு மட்டும்தான். தொடர்ந்து பயன்படுத்த வேண்டுமானால் தனிக் கட்டணம் என்பதால், மிச்சமிருந்த பைகளையும் பலகை எழுத்தையும் ஒதுக்க வேண்டியதாயிற்று.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. ஊரெல்லாம் இப்படித்தானே அடிக்கிறார்கள், என்னை மட்டும் ஏன் பிடித்தார்கள் என்று புலம்பினேன். ஆற அமர யோசித்தபோது கோபம் அடங்கியது. ஒரு தமிழ் எழுத்துருவை வரைய உயிரும் மெய்யும் உயிர்மெய்யுமாக ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியே தீட்ட வேண்டும். துணைக்கால், கொம்பு எழுத்துகளை ஒட்டிச் செய்துவிடலாம் என்றாலும், இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் ஒவ்வொரு மெய்க்கும் தனி உருவம் வரைந்தாக வேண்டும். அதுவும் தடித்த எழுத்தில் ஒவ்வொரு சுழியையும் அடைபடாமல் காப்பாற்ற வேண்டும். அது மாதக்கணக்கான உழைப்பு. ஆட்டிய எண்ணெயில் பாமாயிலைக் கலந்து செக்கு எண்ணெய் என்று விற்பவர்களைப் பார்த்து நாங்கள் கொதிக்கிறோம். இன்னொருவரின் உழைப்பை விலை கொடுக்காமல் என் பாட்டிலில் ஒட்டி விற்றதை அதிலிருந்து வேறானது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எழுத்துரு பற்றி வடிவமைப்பாளரிடம் மூன்று கேள்விகளை எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள்: அதன் பெயர் என்ன, எங்கிருந்து எடுத்தது, உரிமக் கோப்பு எங்கே. "இலவசம்" என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள். தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இலவசம் என்பதும், வணிகத்துக்கும் இலவசம் என்பதும் முற்றிலும் வேறு. விலை கொடுத்து வாங்கினாலும் கணினிக்கு ஓர் உரிமம், இணையதளத்துக்கு வேறோர் உரிமம், செயலிக்கு இன்னொன்று என்று பிரிந்திருக்கும். எதை வாங்கினோம் என்பதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மறுபடி தொடங்கியபோது கோயம்புத்தூரில் ஒரு வடிவமைப்பாளர் எனக்கு பலூ தம்பி என்ற எழுத்துருவைக் காட்டினார். மும்பையைச் சேர்ந்த ஏக் டைப் குழு வெளியிட்டது. பலூ என்ற பெயர் இந்தியில் கரடியைக் குறிக்கும் சொல்லை ஒட்டியது. அந்தப் பெயருக்கு ஏற்றபடி பருத்த, மூலை மழுங்கிய, சிரித்த முகம் கொண்ட எழுத்து. இந்திய எழுத்து முறைகள் பலவற்றுக்கும் அதே குடும்பத்தில் எழுத்துருக்கள் இருக்கின்றன. குஜராத்திக்கு பலூ பாய், மலையாளத்துக்கு பலூ சேட்டன், தெலுங்குக்கு பலூ தம்முடு, பஞ்சாபிக்கு பலூ பாஜி என்று அந்தந்த மொழியில் உடன்பிறந்தவனை அழைக்கும் சொல்லையே பெயராக வைத்திருக்கிறார்கள். அந்தப் பரிவு எனக்கு மிகவும் பிடித்தது. அது எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமத்தின் கீழ் வருகிறது. கூகுள் எழுத்துருக்கள் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். லேபிள், பலகை, பை, இணையதளம் என எந்த வணிகத்துக்கும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம், வேண்டுமானால் மாற்றவும் செய்யலாம். எழுத்துருவை மட்டும் தனிப் பொருளாக விற்கக் கூடாது. மாற்றி வெளியிட்டால் அதையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். இறக்கும்போது கூடவே வரும் உரிமக் கோப்பை, இறக்கிய தேதியோடு, உணவு உரிமம் இருக்கும் அதே கோப்புறையில் நான் வைத்திருக்கிறேன்.

முதலில் வந்த பலூ தம்பியில் ஒரே ஒரு தடிமன்தான் உண்டு. பின்னர் வந்த பலூ தம்பி 2இல் வழக்கமான எழுத்து முதல் மிகத் தடித்தது வரை ஐந்து தடிமன்கள் உள்ளன. என் சிக்கலுக்கு மருந்து அங்கேதான் இருந்தது. கடைப் பெயருக்கு மிகத் தடித்ததையும், "நல்லெண்ணெய்" போன்ற பொருட்பெயருக்கு அரைத்தடித்ததையும், இரவில் எரியும் பலகைக்கு அதற்கும் ஒரு படி குறைந்ததையும் எடுத்தோம். தடிமன் மாறினாலும் முகம் மாறவில்லை என்பதால் எல்லாம் ஒரே கடையின் எழுத்தாகத் தெரிகிறது. ஆங்கில எழுத்தும் அதே எழுத்துருவிலேயே, தமிழோடு ஒத்த தடிமனில் இருக்கிறது. இது சிறிய வசதியில்லை. உணவுப் பொருளின் லேபிளில் கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தாக வேண்டும், தமிழைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்பதுதான் விதி. ஆகவே ஒவ்வொரு லேபிளிலும் இரண்டு மொழிகளும் அருகருகே நிற்கும். இரண்டு வேறு எழுத்துருக்களை எடுத்தால் ஒன்று பருத்தும் ஒன்று மெலிந்தும், தமிழ் ஏதோ பின்னால் ஒட்டியதுபோல் தெரியும். நம் மொழி நம் பாட்டிலில் அப்படி நிற்பது எனக்குச் சம்மதமில்லை. நிகர அளவு, விலை போன்றவற்றின் எழுத்து உயரத்துக்கும் 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளில் குறைந்தபட்ச அளவு உண்டு, அதையும் வடிவமைப்பின் தொடக்கத்திலேயே கணக்கில் எடுங்கள்.

பின்பக்க விவரங்களுக்கு உருண்டை எழுத்தைத் தொடவேயில்லை. முதல் லேபிளில் பின்பக்கம் முழுவதையும் அதே தடித்த எழுத்தில் போட்டு, ஒருவரும் படிக்க முடியாமல் செய்திருந்தேன். நாலு சொல்லுக்கு மேல் போகும் எதற்கும் மெல்லிய, சாதாரண வாசிப்பு எழுத்துதான் சரி. வரி இடைவெளியையும் பார்க்க வேண்டும். "மரச்செக்கு" மேல் வரியிலும் "எண்ணெய்" கீழ் வரியிலும் வந்தால், குகரத்தின் வால் கீழே இறங்க, கீழ் வரியின் புள்ளி மேலே ஏற, தடித்த எழுத்தில் இரண்டும் முட்டிக்கொள்ளும். மென்பொருள் தானாகத் தரும் இடைவெளியை நம்பாமல் அந்த ஓரிடத்தைக் கண்ணால் பார்த்துத் தள்ளிவையுங்கள். எந்தத் தடித்த எழுத்துருவை எடுத்தாலும் முதலில் நான் அடித்துப் பார்க்கும் சொற்கள் இப்போது ஒரு தாளில் இருக்கின்றன: எண்ணெய், தேங்காய், இஞ்சி, ஞாயிறு, காரம், மீன், நூறு, ஊறுகாய், ஐந்து, ஔவை, ஸ்ரீ. இவை லேபிள் அளவில் தெளிவாக வந்தால்தான் அடுத்த வேலை.

பலகையின் தகட்டை அப்படியே வைத்துக்கொண்டு எழுத்துகளை மட்டும் மாற்றினோம், 17,500 ரூபாய் ஆயிற்று. புள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு திருகுகள். புதிய லேபிளை அச்சுக்கு அனுப்பும் முன் தாளில் அடித்து ஒட்டிய மூன்று பாட்டில்களைத் திண்ணையில் வைத்துவிட்டு என் மாமனாரைக் கூப்பிட்டேன். அவர் கண்ணாடியைத் தேடவில்லை. வாசற்படியில் நின்றபடியே, "கடலெண்ணெய், நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய்" என்று இடமிருந்து வலமாகச் சொல்லிவிட்டுச் செக்கடிக்குப் போனார். அன்று மாலை அச்சகத்துக்குக் கோப்பை அனுப்பினேன்.